யோவான் நற்செய்தியில் 'நானே' கூற்றுகள்: ஏகாரப்பொருள் நோக்கு

யோவான் நற்செய்தியில் இயேசு தம்மை வாழ்வு தரும் உணவு, உலகின் ஒளி, வாயில், நல்ல ஆயர், உயிர்த்தெழுதலும் வாழ்வும், வழியும் உண்மையும் வாழ்வும், உண்மையான திராட்சைக் கொடி என ஏழு வகையாகச் சுட்டுகிறார். மூலக் கிரேக்கத்தில் இக்கூற்றுகள் 'எகோ எய்மி' என்னும் தொடரால் அமைந்தவை. தமிழ் வினைமுற்றைப் போலவே கிரேக்க வினைமுற்றும் இடம் காட்டும். ஆதலின் 'எய்மி' என்ற ஒரு சொல்லே 'நான் இருக்கிறேன்' எனப் பொருள்படும். அதன்முன் 'எகோ' நிற்பது பெரிதும் அழுத்தம் கருதியே. தமிழ் மொழிபெயர்ப்புகள் அவ்வழுத்தத்தைப் பெரும்பாலும் ஏகாரத்தால் ஈடுசெய்து 'நானே' என்றன.

தேற்றம், வினா, பிரிநிலை, எண், ஈற்றசை என ஏகாரத்துக்குத் தொல்காப்பியம் பொருள் வகுக்கும். 'நானே' என்பதிலுள்ள ஏகாரம் பிரிநிலையா, தேற்றமா? இலக்கண வினாவாகத் தோன்றினும், இதன் விடையைப் பொறுத்து நம்பிக்கையாளர் பிறரை நோக்கும் நிலை மாறுகிறது.

பத்தாம் அதிகாரத்தில் அது பிரிநிலையே. திருடரும் கூலிக்கு மேய்ப்பவரும் அங்கு எதிர்நிறுத்தப்படுகின்றனர். ஆனால் விலக்கப்படுவோர் யாவர்? முந்தைய அதிகாரத்தில், பிறவிப் பார்வையின்மை நீங்கிய மனிதரைச் சமயத் தலைவர்கள் வெளியே தள்ளுகின்றனர். வாயிலும் ஆயரும் பற்றிய பேச்சு அதனைத் தொடர்ந்தே வருகிறது. எனவே பிரிநிலை குறிவைப்பது மந்தையைக் காக்கத் தவறிய தலைமையையே. பிற சமயத்தாரை அன்று.

சகோதரனை இழந்த மார்த்தாளிடம் பேசும்போது (11:25) பொருள் தேற்றமாகிறது. இறுதிநாளில் உயிர்த்தெழுதல் உண்டென்பதை அவர் முன்னரே ஏற்றவர். அக்கோட்பாடு இப்போது எதிரே நிற்பவரிடம் பொருந்துகிறது.

மிகுதியும் விவாதிக்கப்படுவது 14:6. தந்தையிடம் செல்ல வேறு வழியில்லை என்று அதன் பிற்பகுதி வெளிப்படையாகவே கூறுகிறது. இப்பிரிநிலையை மழுப்பும் விளக்கங்கள் பனுவலுக்கு நேர்மையானவை அல்ல. எனினும் அக்கூற்று, பிரிவை எண்ணிக் கலங்கிய சீடரிடையே, வழி தெரியாது என்ற தோமாவின் கேள்விக்கு விடையாக எழுந்தது. சமயவாதக் களத்தில் அதனைப் படைக்கலமாக்குவோர், இரவுணவுப் பந்தியில் சொல்லப்பட்ட ஆறுதலை இடம்பெயர்த்து ஆள்கின்றனர். தேற்றமே அங்கு முதற்பொருள். பிரிநிலை அதனைச் சார்ந்து நிற்பது.

இத்தேற்றத்துக்கு அடிப்படை, பயனிலை ஏதுமின்றி 'எகோ எய்மி' தனித்து வரும் இடங்களில் உள்ளது. எபிரேய மறைநூலின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில், எசாயா 43:10இல் இறைவன் தம்மைக் குறிப்பதும் இத்தொடராலேயே. ஆறுதல் சொல்பவர் இறைவனின் மொழியில் பேசுகிறார் என்பதே கிறித்தவர் கொள்ளும் பொருள். ஆபிரகாமுக்கும் முற்பட்டவராகத் தம்மைக் கூறியபோது (8:58) கேட்டோர் கல்லெடுத்தனர். தம்மைக் கைது செய்ய வந்தோரிடம் கூறியபோது (18:6) அவர்கள் தரையில் விழுந்தனர். இரண்டும் ஒரே கிரேக்கத் தொடர். தமிழில் முன்னது 'இருக்கிறேன்' என்றும், பின்னது 'நான்தான்' என்றும் பிரிந்துவிட்டதால், வந்தவர்கள் ஏன் விழுந்தனர் என்பதை அடிக்குறிப்பின் துணையின்றித் தமிழ் வாசகர் உணர்தல் அரிது.