எரிந்து காக்கும் கவசம்

மாரிகாலத்திலே அக்கராயன் குளக்கட்டில் நின்று பார்த்தவர்கள் ஓர் உண்மையை அறிவர். குளத்தைக் காப்பது கட்டின் உறுதி மட்டுமன்று. மிகைநீரை வெளியே விடுகின்ற வானும் அதனைக் காக்கின்றது. வானைத் தாழ்த்திக் கட்டினால் சிறுபோகத்துக்கு நீர் போதாது; உயர்த்திக் கட்டினால் கட்டு உடையும் அபாயம் கூடும். பெறுவதையும் இழப்பதையும் சீர்தூக்கி ஓரளவைத் தேர்வதே பொறியியல். விண்ணிலிருந்து மீளும் கலத்தின் வெப்பக் கவசத்திலும் இந்தச் சீர்தூக்கலே நடைபெறுகின்றது.

பூமியைச் சுற்றிவந்த கலம் மணிக்கு ஏறத்தாழ 28,000 கிலோமீற்றர் வேகத்தில் வளிமண்டலத்துட் புகுகின்றது. முன்னேயுள்ள காற்று நெருக்குண்டு பெருவெப்பம் கொள்கின்றது. கூரிய மூக்கு காற்றை எளிதிற் பிளக்கும். ஆயின் வெப்பம் அதன்மேலேயே ஏறும். மழுங்கிய முகமே நன்றென 1950களின் தொடக்கத்தில் அமெரிக்க அறிஞர் ஜூலியன் அலன் கண்டார். அம்முகத்தின் முன்னே அதிர்ச்சியலை விலகி நிற்க, வெப்பத்தின் பெரும்பகுதி காற்றோடு போய்விடுகின்றது.

எஞ்சிய வெப்பத்தைத் தடுக்க இரு வழிகள் உள. ஒன்று, தானே கருகித் தேய்ந்து வெப்பத்தைக் கொண்டுபோகும் கவசம். அது வலியது, ஆனால் பாரமானது, ஒருமுறையே உதவுவது. மற்றையது சிலிக்கா இழையாலான ஓடு. அது இலேசானது, மீண்டும் பயன்படுவது. ஆனால் எளிதில் நொறுங்குவது. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் 2007 ஜனவரி 10 இல் ஏவிய 550 கிலோகிராம் மீட்புக் கலம் இரண்டையும் இணைத்துக்கொண்டது: மூக்கிலே கருகும் கவசம், உடலிலே சிலிக்கா ஓடு. 12 நாள் கழித்து அது வங்கக் கடலிற் பத்திரமாக இறங்கிற்று.

எல்லாக் கலங்களுக்கும் அந்த நற்பேறு வாய்க்கவில்லை. 2003 பெப்ரவரி 1 இல் கொலம்பியா ஓடம் சிதறிக் கல்பனா சாவ்லா உட்பட எழுவர் மாண்டனர். ஏவுகையில் மோதிய நுரைத்துண்டொன்று இடச்சிறகின் முன்விளிம்பைத் துளைத்திருந்தமையே காரணம்.

கருகும் கவசமும் குறையற்றதன்று. 2022 டிசம்பர் 11 இல், சந்திரன்வரை சென்று மீண்ட ஆளில்லா ஓரியன் கலத்தின் கவசத்திற் கரிப்படலம் நூற்றுக்கு மேற்பட்ட இடங்களிற் பெயர்ந்திருந்தது. அது வளியில் ஒருமுறை தோய்ந்து, மேலெழுந்து, மீண்டும் இறங்கிய கலம். இடையிலே வெளிவெப்பம் தணிந்தபோது கரி மெல்லவே உண்டாயிற்று. உள்ளே வாயு பிறப்பதோ ஓயவில்லை. கசிந்து செல்லப் போதிய வழியின்றி அமுக்கம் ஏறிக் கவசம் வெடித்தது. நிலத்துச் சோதனைகள் இன்னும் கடுமையான வெப்பத்தில் நடந்தமையால், ஆங்கே கரி விரைந்து உண்டாகி வாயுவுக்கு வழிவிட்டது, குறையும் மறைந்திருந்தது. கடுமையைத் தாங்கிய பொருள் மென்மையிலே தோற்றது!

நால்வர் செல்லவிருந்த அடுத்த கலத்திலும் அத்தகைய கவசமே பொருத்தப்பட்டிருந்தது. மாற்றினால் நெடுந்தாமதம், மாற்றாவிடின் ஐயம். கவசத்தை வைத்துக்கொண்டு இறங்கும் பாதையை மாற்றுவதென 2024 டிசம்பரில் அறிவித்தனர். அதற்குப் பிந்திய கவசங்களில் வாயு கசிய இடம் வைக்கவும் முனைந்தனர்.

மாணவர்கள் இதனை மனத்திருத்துதல் நன்று. எதனையும் உள்ளே விடாதது மட்டும் கவசமாகாது. விடவேண்டியதை வெளியே விடவும் அது அறிந்திருத்தல் வேண்டும். குளத்துக்கு வான் வைத்த நம் முன்னோர்க்கு இது புதுமையன்று.