மேசைப் போர்க்களத்தில் மழையும் வெப்பமும்

மேசைமேல் சிறு உருவங்களை நகர்த்திப் பகடை உருட்டி ஆடும் அறிவியல் புனைவுப் போர் விளையாட்டுகளில், வானிலை எண்களாகவே களத்துக்கு வருகிறது. மூடுபனியால் குறி தவறும். சேற்றில் நடை தளரும். கடும் வெப்பத்தில் எந்திரம் முடங்கும். இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு, அமெரிக்காவில் 1984-இல் தொடங்கிய ‘பேட்டில்டெக்’. அறுகோணக் கட்டங்கள் வரைந்த களத்தில், உள்ளிருந்து மனிதர் இயக்கும் ‘மெக்’ என்னும் ராட்சத எந்திரங்கள் மோதும் ஆட்டம் இது.

சுடுபவர் இரண்டு பகடைகளை உருட்டுவார். கூட்டுத்தொகை இலக்கு எண்ணை எட்டினால் குண்டு படும். தொலைவு கூடக் கூட இலக்கு எண்ணும் உயரும். கனமழை அதை மேலும் ஒன்று உயர்த்தும். இலக்கு 4-இலிருந்து 5 ஆனால், 36-இல் 33 ஆக இருந்த வாய்ப்பு 30 ஆகும், இழப்பு சிறிது. 11-இலிருந்து 12 ஆனாலோ, 3 வாய்ப்பு ஒன்றாகச் சுருங்கிவிடும். ஆகவே மழை இரு தரப்புக்கும் பொதுவாகப் பெய்தாலும், தொலைவில் நின்று சுடும் படைக்கே பெரும் நட்டம். நெருங்கிப் போரிடும் படை மழையை மறைப்பாகப் பயன்படுத்தி முன்னேறலாம்.

வெப்பத்தின் கணக்கு வேறு. ஆயுதம் ஒவ்வொன்றும் சுடும்போது வெப்பப் புள்ளிகளைச் சேர்க்கும். சாதாரண வெப்பத் தணிப்பான் சுற்றுக்கு ஒரு புள்ளியைக் குறைக்கும். மிச்சம் ஏறினால் எந்திரம் மெதுவாகும், குறி பிசகும். 30-ஐத் தொட்டால் தானே அணைந்துவிடும். வெளிவெப்பம் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஒரு புள்ளி கூடும். லேசர்களை நம்பிய எந்திரத்துக்கு இது பெருந்தொல்லை. வெப்பம் குறைவாக எழுப்பும் பீரங்கி கொண்டதற்கு அவ்வளவு இல்லை. கடுங்குளிரில் லேசர்காரர் தாராளமாகச் சுடலாம். இதே கணக்கை வெள்ளிக் கோளின் 465 டிகிரிக்கு நீட்டினால், 10 தணிப்பான்கள் கொண்ட மெக் ஒரு முறைகூடச் சுடாமலே முதல் சுற்றில் அணைந்துவிடும்.

புதிய விதி எழுதுவோர் அந்தந்தக் கோளின் இயற்பியலையும் பார்க்க வேண்டும். செவ்வாயின் காற்றழுத்தம் பூமியினதில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அங்கே புயல் எந்திரத்தைக் கவிழ்க்காது. ஆனால் தூசி வெளிச்சத்தை மறைக்கும். 2018-இல் அப்படி எழுந்த தூசிப் புயலால் சூரிய மின்சாரம் இழந்துதான் ‘ஆப்பர்சூனிட்டி’ ஊர்தி அடங்கியது. எனவே செவ்வாய்க் களத்தில் நடையைக் குறைப்பதைவிடப் பார்வையைக் குறைப்பதே பொருத்தம்.

அளவும் முக்கியம். தடைகளை அடுக்கினால் யார் சுட்டாலும் படாது, ஆட்டம் இழுபடும். ஓர் ஆட்டத்துக்கு ஒரே வானிலை விதி, அதுவும் படையைத் தேர்ந்தெடுக்கும் முன்பே இருவருக்கும் தெரிந்ததாக இருந்தால், அதற்கேற்ற எந்திரங்களையும் உத்தியையும் இருவருமே வகுத்துக்கொள்ள முடியும்.