மாநகராட்சியில் ஓராண்டுப் பயிற்சியா? ஆணை எங்கே?

“மாநகராட்சியில ஒரு வருஷம் வேலை பார்த்தேன் சார். இப்ப வரவேண்டாம்னு சொல்லிட்டாங்க. கேஸ் போடலாமா?”

இப்படிக் கேட்டு வரும் பட்டதாரிகளிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றைத்தான்: ஆணை எங்கே? பெரும்பாலும் பதில் வராது. ஒருவர் வாட்ஸ்அப் செய்தியைக் காட்டுவார், இன்னொருவர் கழுத்தில் தொங்கும் அட்டையைக் காட்டுவார். “ஏ.இ. சார் வரச் சொன்னார், வந்தேன்” என்பார் மூன்றாமவர். எந்தத் திட்டத்தில் சேர்ந்தார், எவ்வளவு உதவித்தொகை, எந்தத் தேதியில் முடிகிறது என்று கேட்டால் ஒன்றும் தெரியாது. படித்த பிள்ளைகள்தான். ஒரு செல்பேசி வாங்கினால்கூட ரசீதைப் பத்திரப்படுத்துகிறவர்கள், ஒரு வருட உழைப்புக்கு ஒரு தாளும் கேட்பதில்லை.

நகராட்சி, மாநகராட்சிகளில் புதிய பட்டதாரிகள் முறையாக நுழைய முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. 2020 ஜூனில் ஒன்றிய வீட்டுவசதி, நகர்ப்புற விவகார அமைச்சகமும் ஏ.ஐ.சி.டி.இ.யும் சேர்ந்து தொடங்கிய ‘ட்யூலிப்’ ஒன்று. பட்டம் முடித்து 18 மாதங்களுக்குள் இருப்பவர்களுக்கு, 8 வாரம் முதல் ஓராண்டு வரை பயிற்சி. மற்றொன்று 1961-ஆம் ஆண்டு தொழில் பழகுநர் சட்டத்தின் கீழ் பட்டதாரிகளுக்கும் டிப்ளமோ படித்தவர்களுக்கும் கிடைக்கும் ஓராண்டுப் பயிற்சி. அதை ‘நாட்ஸ்’ என்பார்கள்.

இரண்டும் ஒன்றல்ல. ட்யூலிப்பில் உதவித்தொகை எவ்வளவு என்பதை அந்தந்த உள்ளாட்சிதான் முடிவு செய்யும். விளம்பரத்தில் என்ன போட்டார்களோ அதுதான் உங்கள் பிடி. அந்தப் பக்கத்தை அன்றைக்கே அச்செடுத்து வையுங்கள். பழகுநர் பயிற்சிக்கோ சட்டம் துணை நிற்கிறது. 2019 விதித் திருத்தம் பட்டதாரிக்கு மாதம் ரூ.9,000, டிப்ளமோவுக்கு ரூ.8,000 என்று குறைந்தபட்சம் வகுத்தது. மாத உதவித்தொகையை அடுத்த மாதம் 10-ஆம் தேதிக்குள் தந்தாக வேண்டும். பயிற்சியின்போது விபத்தில் காயமடைந்தால் இழப்பீட்டுக்கு நிறுவனமே பொறுப்பு. ஆனால் இவையெல்லாம் பழகுநர் ஒப்பந்தம் பதிவாகியிருந்தால்தான். பதிவான ஒப்பந்தத்தை நாட்ஸ் இணையதளத்திலிருந்து நீங்களே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். “ஆபீஸ்ல இருக்கு, அப்புறம் தர்றோம்” என்ற பேச்சை நம்பாதீர்கள்.

இனி, பலருக்குக் கசக்கும் விஷயம். இது வேலை அல்ல, பயிற்சி. பழகுநர் தொழிலாளி அல்ல என்று அந்தச் சட்டத்தின் 18-ஆம் பிரிவே சொல்கிறது. தற்காலிகமாகப் பணியாற்றியதாலேயே நிரந்தரம் கோர முடியாது என்று 2006-இல் உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்துவிட்டது. ஒரே ஆறுதல், உத்தரப் பிரதேசப் போக்குவரத்துக் கழக வழக்கில் 1995-இல் வந்த தீர்ப்பு. மற்றத் தகுதிகள் சமமாக இருந்தால் பயிற்சி முடித்த பழகுநருக்கு முன்னுரிமை தர வேண்டும், பயிற்சிக் காலத்தின் அளவுக்கு வயது வரம்பிலும் சலுகை தர வேண்டும் என்றது அது. அந்த முன்னுரிமையைக் கேட்கவும் கையில் சான்றிதழ் வேண்டும்.

இந்தக் கசப்பு தெரியாததால்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள். “ஒரு வருஷம் டிரெய்னிங், அப்புறம் பர்மனென்ட்” என்று சொல்லிப் பணம் பிடுங்குகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். பணம் கேட்டாலே அது மோசடிதான். தரகரிடம் கொடுத்து ஏமாந்திருந்தால் மாவட்டக் குற்றப்பிரிவிலும், சென்னையில் மத்தியக் குற்றப்பிரிவிலும் புகார் கொடுங்கள். இணையவழியில் பணம் போயிருந்தால் உடனே 1930-ஐ அழையுங்கள். அலுவலரே கேட்டால் ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககத்துக்குப் போங்கள். ஒன்றைக் கவனியுங்கள்: ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளிதான். கட்டாயத்தின் பேரில் கொடுத்தவர் ஏழு நாட்களுக்குள் புகார் செய்தால் மட்டுமே தப்பலாம். ஆறு மாதம் காத்திருந்து, வேலை கிடைக்காது என்று தெரிந்த பிறகு புகாரோடு வருகிறவர்கள் தாங்களும் மாட்டிக்கொள்கிறார்கள்.

சேரும் நாளன்று செய்ய வேண்டியது எளிது, செய்வோர்தான் குறைவு. ந.க. எண், தேதி, ஆணையரின் கையொப்பம் அல்லது அவர் சார்பிலான கையொப்பம், பயிற்சியின் தொடக்கம், முடிவு இவையெல்லாம் உள்ள ஆணையைக் கேட்டு வாங்குங்கள். பணியில் சேர்ந்த அறிக்கையை இரண்டு பிரதியாக எழுதி, ஒன்றைத் தபால் பிரிவில் கொடுத்து, மற்றொன்றில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். “இதெல்லாம் எதுக்குப்பா?” என்று எழுத்தர் சலித்துக்கொள்வார். சலித்துக்கொள்ளட்டும். வருகைப் பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். தனி நோட்டில் கையெழுத்து வாங்கினால் மாதக் கடைசியில் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வையுங்கள்.

கள ஆய்வுக்கு அனுப்பும்போது பாதாளச் சாக்கடை ஆள்நுழைவுக் குழியில் இறங்கி அளக்கச் சொன்னால் இறங்காதீர்கள். யார் சொன்னாலும் இறங்காதீர்கள். விஷவாயு பட்டம் பார்த்துத் தாக்குவதில்லை.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தில் பயிற்சியாளரும் பழகுநரும் ஊழியராகவே கருதப்படுகிறார்கள். “நீ ஸ்டாஃப் இல்லம்மா” என்று யாராவது திருப்பி அனுப்பினால் அது பொய். சம்பவம் நடந்த மூன்று மாதங்களுக்குள் அலுவலகத்தின் உள்ளகக் குழுவிடம் எழுத்து மூலம், ஆறு பிரதிகளில் புகார் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம்.

உதவித்தொகை வரவில்லை என்றால்? வாய்மொழியாகக் கெஞ்சிக்கொண்டிருக்காதீர்கள். பழகுநர் என்றால் சென்னை தரமணியில் உள்ள தென்மண்டலத் தொழில் பழகுநர் பயிற்சி வாரியத்தின் இயக்குநருக்கு, பழகுநர் ஆலோசகர் என்ற முறையில், ஒப்பந்த நகலை இணைத்துப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். ஒப்பந்தத் தகராறைத் தீர்க்கும் அதிகாரம் தொழில் பழகுநர் சட்டத்தின் 20-ஆம் பிரிவின் கீழ் அவருக்கு உண்டு. அவர் முடிவு திருப்தி தராவிட்டால் 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். ட்யூலிப் என்றால் ஆணையருக்கு மனு, பிறகு 1100 முதல்வர் உதவி மையம், கூடவே தகவல் உரிமை மனு.

அந்தத் தகவல் மனுவில்தான் பலர் சொதப்புகிறார்கள். “எனக்கு ஏன் பணம் தரவில்லை?” என்று கேட்டால், விளக்கம் தர இயலாது என்று ஒற்றை வரியில் முடித்துவிடுவார்கள். நகல் கேளுங்கள்: உங்கள் பயிற்சி தொடர்பான கோப்பின் குறிப்புப் பக்கங்கள், வருகைப் பதிவேடு, உதவித்தொகைப் பட்டியல். மனுவில் ரூ.10-க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, மாநகராட்சிப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு. அதுவும் பலிக்காவிட்டால் 90 நாட்களுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். இந்த நாள் கணக்கைத் தவறவிட்டுவிட்டு, சட்டம் வேலை செய்யவில்லை என்று புலம்பக் கூடாது.

கடைசி நாளன்று சான்றிதழும் விடுவிப்பு ஆணையும் வாங்காமல் வீட்டுக்குப் போகாதீர்கள். உங்களைத் தெரிந்த ஆணையரும் பொறியாளரும் அடுத்த மாதமே வேறு ஊருக்கு மாற்றலாகிவிடலாம். புதிதாக வருகிறவர் உங்களிடம் கேட்கப்போவதும் ஆணை எங்கே என்றுதான்.