பரணில் குடிவந்த விருந்தாளி

பிப்ரவரி மாத விடியற்காலை, ஐந்தரை மணி இருக்கும். என் அறையின் சீலிங்குக்கு மேலே யாரோ கோலிக்குண்டு உருட்டுவதுபோல் சத்தம் கேட்டது. பிறகு சுரண்டல், பிறகு தடதடவென்று ஓட்டம். எலி என்று நினைத்தேன். “எலி இவ்வளவு கனமாக ஓடாது,” என்றாள் பக்கத்து அறைத் தோழி.

செமினி வளாகத்தில் இரண்டு ஆண்டு படித்துவிட்டு மூன்றாம் ஆண்டுக்காக இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமுக்குப் போனவள் நான். லென்டன் பகுதியில் நான்கு மாணவிகள் சேர்ந்து ஒரு பழைய செங்கல் வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தோம். அங்கே சாய்வான கூரைக்கும் மேல்மாடி சீலிங்குக்கும் நடுவே ஒரு பரண் இருக்கும். குளிர் இறங்காமலிருக்க அதில் கண்ணாடிப் பஞ்சு விரித்திருப்பார்கள். ஆள் நடமாட்டமே இல்லாத, கதகதப்பான இடம். அணிலுக்கு வேறென்ன வேண்டும்?

அணில் என்றால் எனக்குப் பந்திங்கில் தாத்தாவின் கொக்கோக் காய்களை ஓட்டை போடும் சிறிய அணில்தான் நினைவுக்கு வரும். தாத்தா திட்டித் தீர்ப்பார். ஆனால் அது வீட்டுக்குள் வந்ததில்லை. இங்கே இருந்தது அதைவிடப் பெரிய சாம்பல் நிற அணில். அதன் பூர்வீகம் வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதி. 1876இல் இங்கிலாந்தின் செஷயரில் அழகுக்காகக் கொண்டுவந்து விட்டார்கள். இன்று பிரிட்டனில் ஏறக்குறைய 2.7 மில்லியன் இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள்.

வீட்டு உரிமையாளரை அழைத்தோம். “பார்க்கலாம்” என்றே இரண்டு வாரம் ஓட்டினார். கூரையையும் வெளிச்சுவரையும் பழுதுபார்ப்பது சட்டப்படி அவர் கடமை. படங்களோடு மின்னஞ்சல் அனுப்பிய பிறகுதான் அசைந்தார். வெளிநாட்டில் வீடு எடுக்கப் போகிறவர்கள் எதையும் எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சு காற்றோடு போய்விடும்.

பூச்சி, எலி ஒழிப்பவர் மார்ச் தொடக்கத்தில் வந்து பரணில் ஏறினார். கூரை விளிம்புப் பலகையில் கைமுட்டி அளவு ஓட்டை. பஞ்சு கிழிந்து கிடந்தது. விளக்குக்குப் போகும் மின்கம்பியின் உறை கடிபட்டு, உள்ளே செம்பு பளபளத்தது. அணிலின் முன்பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்ந்துகொண்டே இருக்குமாம். எதையாவது கடித்துத் தேய்த்தாக வேண்டும். மரமா மின்கம்பியா என்று அது பார்ப்பதில்லை. பரண் தீப்பிடிக்க இது போதும். அன்றே மின்பணியாளர் மேல்மாடி விளக்கு இணைப்பைத் துண்டித்தார். இரண்டு நாள் கழித்துப் புதிய கம்பியை உலோகக் குழாய்க்குள் செலுத்திக் கொடுத்தார்.

ஆனால் பஞ்சுக்கு நடுவே ஒரு கூடும் இருந்தது. அதில் கண் திறக்காத மூன்று குட்டிகள்.

“பொறி வைத்துப் பிடித்துப் பூங்காவில் விட்டுவிடுங்களேன்,” என்றேன். அவர் சிரிக்கவில்லை. சட்டப்படி, பிடிபட்ட சாம்பல் அணிலை மறுபடி வெளியே விடுவது குற்றம். பிடித்தால் வேதனையில்லாமல் கொல்ல வேண்டும். தண்ணீரில் அமுக்கிக் கொல்வதும் குற்றம். “பொறி வைக்கச் சொன்னால் வைக்கிறேன். ஆனால் உயிரோடு எங்கும் கொண்டுபோய் விட மாட்டேன்,” என்றார். சரி, ஓட்டையை அடைத்துவிடலாமா? வெளியே மாட்டிக்கொண்ட தாய் கூரையைக் கடித்தே உள்ளே நுழையும். நுழைய முடியாவிட்டால் குட்டிகள் பட்டினியில் செத்து நாறும்.

அன்றிரவு சமையலறையில் எங்களுக்குள் பெரிய வாக்குவாதம். “கொன்றுவிடலாம்,” என்றவள், சிலந்தியைக்கூடக் கோப்பையில் ஏந்தி வெளியே விடும் தோழி! அவள் ஊர் கம்பிரியா. பிரிட்டனின் சொந்த இனமான சிவப்பு அணில் இன்னும் மிச்சமிருக்கும் சில இடங்களில் அதுவும் ஒன்று. சாம்பல் அணில் சுமந்து வரும் அம்மைக் கிருமி அதைப் பெரிதாக ஒன்றும் செய்யாது. சிவப்பு அணிலைத் தொற்றினால் பெரும்பாலும் இரண்டு வாரத்தில் சாவுதான். “நீ குட்டியைப் பார்த்துவிட்டாய். நான் வளர்ந்த காட்டில் செத்துக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன்,” என்றாள். நாட்டிங்ஹாமில் சிவப்பு அணிலே இல்லையே, இந்த மூன்றைக் கொன்று எதைக் காப்பாற்றப் போகிறோம் என்று கேட்டேன். “எல்லா ஊரிலும் இதையேதான் சொல்கிறார்கள்,” என்றாள். எனக்குப் பதில் வரவில்லை.

இரண்டுக்கு இரண்டு என்று நின்றோம். கடைசியில் முடிவு செய்தது எங்கள் மனசாட்சி அல்ல. பொறி வைத்தால் தினமும் வந்து பார்க்க வேண்டும், அதற்குக் கட்டணம் உண்டு என்று கேட்டதும், “காத்திருங்கள்,” என்று உரிமையாளரே சொல்லிவிட்டார்.

குட்டிகள் பால் மறக்கப் பத்து வாரம் ஆகும். தலைக்கு மேலே ஓட்டப்பந்தயம் நடக்க, காதில் பஞ்சு வைத்துக்கொண்டு தேர்வுக்குப் படித்தேன். அம்மா தொலைபேசியில், “உங்களுக்கு முன்னாடி அதுங்க பட்டம் வாங்கிடும்மா,” என்பார்.

மே கடைசியில் அவர் மீண்டும் வந்து ஓட்டையில் கசக்கிய செய்தித்தாளைத் திணித்துவிட்டுப் போனார். சில நாள் கழித்தும் தாள் கலையவில்லை என்றால் உள்ளே யாரும் இல்லை என்று அர்த்தம். கலையவில்லை. கனமான கம்பிவலையை அறைந்து, கூரையைத் தொட்ட மரக்கிளையையும் வெட்டினார். இன்னும் தாமதித்திருந்தால் கோடைக்கால ஈற்றுக்கு அதே பரண் தயாராக இருந்திருக்கும்.

ஒரு வாரம் கழித்துப் பக்கத்து வீட்டுப் பாட்டி கதவைத் தட்டினார். “உங்கள் வீட்டுக்கு வந்தாரே, அவர் எண் இருக்கிறதா? விடியற்காலையில் எங்கள் பரணில் ஏதோ உருளுகிறது.”

கம்பிரியா தோழி என்னைப் பார்த்தாள். நான் எண்ணைத் தேடுவதுபோல் கைப்பேசிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.