கூத்துப் பயிற்சியும் பள்ளிக் கல்வியும்: பி. இராஜகோபாலின் கலைக்கல்விப் பணி

காஞ்சிபுரம், உத்திரமேரூர், வந்தவாசி, செய்யாறு வட்டாரச் சிற்றூர்களில் திரௌபதி அம்மன் கோயில்களின் பாரத விழாக்கள் கோடை தொடங்கி ஆடி வரை நடைபெறுகின்றன. பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் விடியுமட்டும் கூத்தும் நிகழ்தல் மரபு. இக்கூத்து தலைமுறைகளாகக் குழுவுக்குள்ளேயே பயிலப்பட்டு வந்தது. சிறுவன் பின்பாட்டுக்காரரோடு நின்று கேள்வி வழியே பாட்டைப் பாடம் செய்தான். சிறு வேடங்கட்டிப் பெருவேடங்களுக்கு உயர்ந்தான். ஆயின் இரவெல்லாம் ஆடியவன் காலையில் பள்ளிக்குச் செல்வது எங்ஙனம்? கலையைப் பெற்றவன் எழுத்தை இழந்தான். இம்முரணுக்கு நிறுவன வழியில் விடை தேடியவர் என்ற நிலையில் பி. இராஜகோபாலின் பணியை இக்கட்டுரை விளக்குகிறது.

1953இல் பிறந்த இராஜகோபால், பெருங்கட்டூர்க் கூத்தாசிரியராகிய தம் தந்தை பொன்னுசாமியிடம் பயின்றவர். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டுக் கூத்துக்கு வந்தவர். 1990இல் கலைஞர்கள் ஒன்றுகூடிக் கட்டைக்கூத்துச் சங்கத்தை அமைத்தபோது அதன் முன்னோடியாய் நின்றார். நெதர்லாந்து நாட்டு ஆய்வாளரும் அவர்தம் துணைவியாருமான ஹன்னா டி புரூயின் இம்முயற்சியில் உடனிருந்தார். கிரீடம், புஜக்கட்டை முதலிய மர அணிகலன்களால் பெயர்பெற்ற இதனைக் 'கட்டைக்கூத்து' என்பதா, 'தெருக்கூத்து' என்பதா என்ற விவாதம் ஆய்வுலகில் நீண்டு வந்துள்ளது. அதில் செலவிடப்பட்ட உழைப்பில் ஒரு பகுதியேனும் கூத்தின் கற்பித்தல் முறைக்குக் கிடைத்திருக்கலாம்.

2002இல் காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்துக் குருகுலம் தோன்றியது. மாணவர்கள் அங்கேயே தங்கிப் பள்ளிப் பாடத்தையும் கூத்தையும் ஒருசேரக் கற்றனர். இசைப்பயிற்சி இதில் தலையாயது. கூத்துக்கலைஞர் திறந்த வெளியில், உயர்ந்த சுருதியில், ஆடிக்கொண்டே பாட வேண்டியவர். திரைப்பிரவேசத்தின்போது விருத்தமும் தருவுமே பாத்திரத்தை முதலில் அறிமுகப்படுத்துகின்றன. முகவீணை அக்குரலைத் தொடர்ந்து இசைக்கும். ஆர்மோனியம் சுருதி காக்கும். மிருதங்கமும் டோலக்கும் அடவைத் தாங்கும். எனவே குரலைத் தனியாகவும் தாளத்தைத் தனியாகவும் கற்பித்தல் இங்குப் பொருந்தாது. பிற்காலத்தில் டி. எம். கிருஷ்ணா, சங்கீதா சிவகுமார் ஆகியோருடன் இணைந்து நிகழ்த்தப்பட்ட 'கர்நாடிக் கட்டைக்கூத்து', இக்குரல் மரபைக் கச்சேரி இசைக்கு இணையாக ஒரே மேடையில் நிறுத்தியது.

குருகுலத்தின் துணிவான முடிவு பெண்குழந்தைகளைச் சேர்த்துக்கொண்டதாகும். திரௌபதி வேடத்தையும் ஆண்களே கட்டிய அரங்கில், மாணவியர் கட்டை வேடங்களையே ஏற்று ஆடினர். எனினும் பயிற்சி தருதல் வேறு, தொழிலில் நிலைபெறச் செய்தல் வேறு. கூத்து இரவில் நிகழ்வது. ஊர்விட்டு ஊர் செல்வது. பருவமெய்திய பெண் அவ்வாறு செல்வதற்குப் பெற்றோரின் இசைவும், மணத்துக்குப் பின் கணவன் வீட்டாரின் இசைவும் வேண்டப்பட்டன. ஆடவ மாணவர்க்கு இக்கேள்வி எழவில்லை. குருகுலத்தில் பயின்ற பெண்கள் முன்னின்று தமக்கெனக் கூத்துக்குழு அமைத்தமை இச்சூழலில்தான் நோக்கத்தக்கது. பாரத விழாவுக்கு அக்குழுவை அழைப்பதா என்பதை இனி ஊரார் முடிவு செய்ய வேண்டியிருந்தது.