லைட்டர் சாக்கெட்டில் ஒயர்லெஸ் செட்: எவ்வளவு தாங்கும்?

காரில் பொருத்தும் ஒயர்லெஸ் செட்டுக்கு மின்சாரம் எடுக்க, டேஷ்போர்டில் உள்ள சிகரெட் லைட்டர் சாக்கெட்டை விட எளிய வழி இல்லை. துளை போட வேண்டாம், வயர் இழுக்க வேண்டாம். பிளக்கைச் செருகினால் செட் உயிர் பெற்றுவிடும். ஆனால் செட் ஒளிர்வதும், அதில் முழுத் திறனில் பேச முடிவதும் ஒன்றல்ல. கேட்டுக்கொண்டிருக்கும்போது அரை ஆம்பியரில் அடங்கும் செட், மைக் பட்டனை அழுத்திய நொடியில் அதைப் போல இருபது மடங்கு மின்னோட்டம் கேட்கலாம். அந்த நொடியைத் தாங்குகிறதா என்பதுதான் சாக்கெட்டுக்கு வரும் சோதனை.

கையில் பிடிக்கும் 5 வாட் வாக்கி டாக்கிக்கு இரண்டு ஆம்பியர் போதும். ஆனால் அதன் பேட்டரி பெரும்பாலும் 7.4 வோல்ட் என்பதால் நேராக 12 வோல்ட் கொடுக்கக் கூடாது; அந்தந்த மாடலுக்கான கார் அடாப்டர் வேண்டும். உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலிக்காரர்கள் காரில் வைக்கும் விஎச்எப் செட் வேறு வகை. 10 வாட்டில் அது சுமார் 4 ஆம்பியரும், 25 வாட்டில் 6, 7 ஆம்பியரும், முழு 50 வாட்டில் 10 முதல் 12 ஆம்பியரும் இழுக்கும். நெடுந்தொலைவு பேசும் 100 வாட் எச்எப் செட்டுக்கு 20 ஆம்பியருக்கு மேல் தேவை. இந்தக் கடைசி வகைக்கு லைட்டர் சாக்கெட் என்ற பேச்சுக்கே இடமில்லை.

சாக்கெட்டின் பிறப்பைப் பார்த்தால் அதன் வரம்பு விளங்கும். லைட்டரின் சுருள் கம்பி சிவப்பதற்கு 8, 10 ஆம்பியர் தேவைப்பட்டது உண்மை. அதுவும் பத்துப் பதினைந்து நொடிதான். சூடு ஏறியதும் லைட்டர் தானே துள்ளி வெளியே வந்துவிடும். ஒயர்லெஸ் செட்டோ, பேசுகிறவர் பட்டனை விடும்வரை அதே மின்னோட்டத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். எப்எம் முறையில் பேசுகிறவர் மௌனமாக இருந்தாலும் இழுவை குறையாது.

சாக்கெட்டின் நடுவில் உள்ள புள்ளி பாசிட்டிவ். சுற்றிலும் உள்ள உலோக உறை நெகட்டிவ். பிளக்கின் முனையை ஒரு சிறு ஸ்பிரிங் முன்னே தள்ளி அந்தப் புள்ளியில் அழுத்துகிறது. பக்கவாட்டில் இரண்டு தகட்டு நாக்குகள் உறையைத் தொடுகின்றன. திருகு மூடிக்குள் ஒரு கண்ணாடி ப்யூஸ். பத்து ஆம்பியரும் இந்த மெல்லிய தொடுகைகள் வழியாகத்தான் போக வேண்டும். மேடு பள்ளத்தில் வண்டி குலுங்கும்போது திருகு தளரும், நாக்கு நழுவும், உள்ளே தூசியும் துருவும் சேரும். அப்போது தொடுமிடத்தின் மின்தடை 0.1 ஓம் ஆவது சாதாரணம். சிறிய எண்தான். ஆனால் 11 ஆம்பியர் ஓடினால் அந்த இடத்திலேயே 1.1 வோல்ட் போய்விடும். 12 வாட் வெப்பமாக மாறும். சிறிய சால்டரிங் அயர்ன் ஒன்றின் வெப்பம் அது. பிளக் முனையைச் சுற்றிப் பழுப்பேறி, பிளாஸ்டிக் இளகி, ஸ்பிரிங் வலுவிழக்கும். ஸ்பிரிங் வலுவிழந்தால் தொடுகை இன்னும் மோசமாகும், சூடும் கூடும்.

இந்த இழப்போடு வயரின் இழப்பும் சேர்கிறது. 1.5 சதுர மில்லிமீட்டர் வயர் போக வர நான்கு மீட்டர் என்றால் 11 ஆம்பியரில் அரை வோல்ட் குறையும். ஆக மொத்தம் 1.6 வோல்ட். இதன் விளைவைப் பலர் விளங்காத பழுதாக எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். பெரும்பாலான கார் செட்டுகள் 13.8 வோல்ட்டுக்கு வடிவமைக்கப்பட்டவை. 15 சதவீதம் கூடக்குறைய இருக்கலாம். அப்படியானால் கீழ் எல்லை 11.7 வோல்ட். என்ஜின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் 14.2 வோல்ட் தருகிறது, 1.6 போனாலும் 12.6 மிஞ்சும், செட் நன்றாகவே பேசும். என்ஜினை நிறுத்தினால் பேட்டரி 12.4 வோல்ட்தான். செட்டுக்குப் போய்ச் சேருவது 10.8. பட்டனை அழுத்தியதும் திரை மங்கும், குரல் கரகரக்கும், சில நேரம் செட் அணைந்து மறுபடி எழும். ஓடும்போது சரியாக இருந்து, நிறுத்தினால் தகராறு செய்யும் செட்டைக் கழற்றிப் பழுது பார்க்கக் கொடுக்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

சாக்கெட்டுக்கான ப்யூஸ் பெரும்பாலும் 10, 15 அல்லது 20 ஆம்பியர். வண்டியின் கையேட்டிலும் ப்யூஸ் பெட்டி மூடியிலும் குறித்திருக்கும். ப்யூஸ் போகிறதே என்று பெரிய ப்யூஸ் மாட்டுவது ஆபத்தான வேலை. ப்யூஸ் காப்பது செட்டை அல்ல, டேஷ்போர்டுக்குப் பின்னால் ஓடும் வயரை. பெரிய ப்யூஸ் போட்டால் ப்யூஸ் தப்பும், வயர் எரியும்.

இரைச்சல் இன்னொரு தொல்லை. ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஏறும் ஊளை ஆல்டர்னேட்டரிலிருந்து வருகிறது. பக்கத்துச் சாக்கெட்டில் செருகிய மலிவு யுஎஸ்பி சார்ஜர் ரிசீவரையே மூடிவிடும் அளவுக்கு இரைச்சல் எழுப்பலாம். அதைப் பிடுங்கிப் பார்ப்பதே முதல் சோதனை. ஒயர்லெஸ் செட் தயாரிக்கும் ஐகாம் நிறுவனத்தின் கையேடுகள் லைட்டர் சாக்கெட்டைப் பயன்படுத்தக் கூடாது என்றே சொல்கின்றன. வோல்டேஜ் இழப்பும் இரைச்சலும்தான் அவை காட்டும் காரணங்கள்.

லாரி, பஸ் என்றால் முதலில் வோல்டேஜைப் பார்க்க வேண்டும். கனரக வண்டிகள் பெரும்பாலும் 24 வோல்ட். 12 வோல்ட் செட்டை அங்கே நேராகச் செருகினால் அத்தோடு அது முடிந்தது. தொடராக இணைத்த இரண்டு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுப்பதும் தவறு. அந்த ஒன்று வற்றும், மற்றது மிகையாகச் சார்ஜ் ஆகும். 24-ஐ 13.8 ஆக்கும் கன்வர்ட்டர்தான் வழி.

பத்து வாட்டுக்கு மேல் வழக்கமாகப் பேசுகிறவர்கள் பேட்டரியிலிருந்து தனி வயர் இழுப்பதே நல்லது. 6 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில், செட் மூன்று மீட்டர் தள்ளி இருந்தாலும், 11 ஆம்பியருக்கு 0.2 வோல்ட்தான் குறையும். பாசிட்டிவ் வயரில் ப்யூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். செட்டின் அருகே வைத்தால் இடைப்பட்ட வயருக்குக் காப்பு இல்லை. என்ஜின் அறைத் தகட்டைக் கடக்கும் துளையில் ரப்பர் வளையம் கட்டாயம். சிக்னலில் தானே அணைந்து எழும் கார்களில் நெகட்டிவ் டெர்மினலில் ஒரு சென்சார் இருக்கும். அங்கே நெகட்டிவ் வயரை டெர்மினலில் மாட்டாமல் பாடி எர்த்தில் மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் சார்ஜ் கணக்கு தப்பும். நேரடி இணைப்பில் ஒரு குறையும் உண்டு. சாவியை எடுத்தாலும் செட் அணையாது. அரை ஆம்பியர் ஒரு நாள் முழுக்க ஓடினால் 12 ஆம்பியர்-மணி. சிறு காரின் 35 ஆம்பியர்-மணி பேட்டரி மூன்று நாளில் படுத்துவிடும். சாவியோடு இயங்கும் ஒரு ரிலே இதைத் தீர்க்கும்.

சாக்கெட்டே போதும் என்று முடிவு செய்தவர்கள் ஒருமுறை சோதித்துக்கொள்ளலாம். ஆன்டெனாவை இணைத்து, என்ஜினை நிறுத்தி, காலியான அலைவரிசையில் அழைப்புக் குறியைச் சொல்லிவிட்டு, ஒரு நிமிடம் பட்டனை அழுத்திப் பிடித்தபடி செட்டின் பின்புற வயரில் மல்டிமீட்டரை வைக்க வேண்டும். 11.7 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினாலோ, பிறகு பிளக்கைத் தொட்டால் கை சுட்டாலோ, அந்தச் சாக்கெட்டில் செட்டைக் குறைந்த திறனில் மட்டுமே இயக்குங்கள்.