போட்டிக்கான கைத்துப்பாக்கி: எதை மாற்றலாம், எதில் கைவைக்கக் கூடாது?

டோக்கியோ ஒலிம்பிக் மகளிர் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்றில், 2021 ஜூலை 25 அன்று, இந்திய வீராங்கனை மனு பாக்கர் 16 முறை சுட்டிருந்த நிலையில் அவரது துப்பாக்கியின் நெம்புகோல் உடைந்தது. பழுது நீக்கித் திரும்பியபோது, எஞ்சிய 44 குண்டுகளைச் சுட 36 நிமிடங்களே இருந்தன. 575 புள்ளிகளுடன் 12-ஆவது இடம் பிடித்த அவர், 2 புள்ளிகளில் இறுதிச் சுற்று வாய்ப்பை இழந்தார்.

மாற்றுத் துப்பாக்கியை ஏன் எடுக்கவில்லை என்ற கேள்வி அப்போது பரவலாக எழுந்தது. அதற்குக் கூடுதல் நேரம் பிடித்திருக்கும் என்று பயிற்சியாளர் ரோனக் பண்டித் விளக்கமளித்தார். இவ்விளையாட்டை அறியாதவர்களுக்கு அது சாக்காகத் தோன்றியிருக்கலாம்; ஆனால் காரணம் துப்பாக்கியின் கைப்பிடியில் இருக்கிறது.

போட்டித் துப்பாக்கியின் மரக் கைப்பிடி, சுடுபவரின் உள்ளங்கைக்கு ஏற்பச் செதுக்கப்படுவது. தேவையான இடத்தில் மரப்பசை பூசி மேடாக்கப்படும். உறுத்தும் இடத்தில் உப்புத்தாள் கொண்டு தேய்க்கப்படும். பிடித்தவுடன் முன்குறியும் பின்குறியும் தாமாகவே நேர்கோட்டில் அமைய வேண்டும். 10 மீட்டர் தொலைவில் உள்ள பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் வெறும் 11.5 மில்லிமீட்டர். இங்கு மணிக்கட்டின் சிறு கோணலும் புள்ளியைக் குறைத்துவிடும். எனவே புதிதாக வாங்குவோர், விலையைப் பார்ப்பதற்கு முன் கைப்பிடியின் அளவையும் துப்பாக்கியின் எடைச் சமநிலையையும் பார்ப்பதே நல்லது.

ஆனால் மாற்றங்களுக்கு எல்லை உண்டு. சர்வதேச துப்பாக்கிச் சுடுதல் கூட்டமைப்பின் விதிப்படி, 10 மீட்டர் ஏர் பிஸ்டல் 4.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள குண்டுகளையே சுட வேண்டும். எடை 1,500 கிராமுக்கு மிகக் கூடாது. 420 x 200 x 50 மில்லிமீட்டர் அளவுள்ள பெட்டிக்குள் முழுமையாக அடங்க வேண்டும். கைப்பிடி மணிக்கட்டைத் தாங்கக் கூடாது. துப்பாக்கியில் உருப்பெருக்கிக் கண்ணாடிகளுக்கும் இடமில்லை. விசை குறைந்தபட்சம் 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும். குழாயைச் செங்குத்தாக நிறுத்தி, விசையில் எடைக்கல்லைத் தொங்கவிட்டுத் தூக்கி இது சோதிக்கப்படுகிறது. சோதனைக்குப் பின் விதிமீறி மாற்றம் செய்வோர் தகுதி நீக்கம் செய்யப்படுவர்.

இந்தியாவில் இதைவிட முக்கியமானது சட்டத்தின் எல்லை. 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, 4.5 மில்லிமீட்டர் விட்டத்துக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் உட்பட்ட காற்றுத் துப்பாக்கிகளுக்கு உரிமம் தேவையில்லை. இந்த அளவுகளைத் தாண்டும் வகையில் ஆற்றலைக் கூட்டினால், விளையாட்டுக் கருவி உரிமமற்ற ஆயுதமாகிவிடும். 25 மீட்டர் பிரிவில் பயன்படும் .22 ரகக் கைத்துப்பாக்கிக்குத் தொடக்கத்திலிருந்தே உரிமம் கட்டாயம். அனுமதியின்றிக் குழாயைக் குறுக்குவதும், போலித் துப்பாக்கியை உண்மைத் துப்பாக்கியாக மாற்றுவதும் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 6-ஆவது பிரிவின்படி குற்றம்.

தமிழக எல்லையை ஒட்டிய முதலமடை உள்ளிட்ட பாலக்காடு மாவட்டப் பகுதிகளிலும் இந்த வேறுபாட்டை அறிந்திருப்பது அவசியம். பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிகளைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கேரள அரசு 2022-இல் வழங்கியது. அந்த உத்தரவு உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருப்போருக்கானது. உரிமமின்றி வாங்கிய ஏர் பிஸ்டல் அதில் சேராது.

மனு பாக்கர் 2024 ஜூலை 28 அன்று பாரிஸ் ஒலிம்பிக்கில், டோக்கியோவில் தவறவிட்ட அதே பிரிவில், 221.7 புள்ளிகளுடன் வெண்கலம் வென்றார்.